நியூட்டின் முட்டையும் ஹில்டே மங்கோல்டும்

தவளையையும் தேரையையும் அறியாதார் இலங்கையில் இலர். மாரியின் முதல் மழை பெய்து வயலும் குளமும் நிரம்பியதும் இரவு முழுவதும் அவற்றின் குரல் கேட்கும். ஈரமண்ணைக் கொத்தும் உழவர் சிலவேளைகளில் கால்களற்ற, பெரிய மண்புழுவைப் போன்ற ஓர் உயிரையும் காண்பதுண்டு. பாம்பென்று அஞ்சி அடிக்கப்படும் அந்தச் சிசிலியனும் தவளைக்கு உறவினமே. நீரிலும் நிலத்திலும் வாழ்கின்ற இந்த ஈரூடகவாழிகளின் கூட்டத்தில் மூன்றாவது கிளை ஒன்றும் உண்டு. நான்கு கால்களும், வளர்ந்த பின்னரும் நீங்காத வாலும் கொண்ட கிளை அது. அக்கிளையைச் சேர்ந்த உயிர் ஒன்றேனும் இலங்கையின் நீர்நிலைகளில் இல்லை. இலங்கையர் ஒருவர் அதனை இயற்கையிலே காண விரும்பின், இந்தியாவின் வடகிழக்கே டார்ஜிலிங் மலைப்புறத்துக் குளங்களுக்கேனும் செல்ல வேண்டும். சலமந்தர் எனப் பொதுவாக வழங்கும் அக்கிளையிலே, ஆண்டில் ஒரு பகுதியைக் குளத்திலும் மறுபகுதியை நிலத்திலும் கழிக்கின்ற சிறிய இனங்களுக்கு நியூட்டு என்பது பெயர்.

முதன்முறை காண்பவர் அதனைப் பல்லி என்றோ அரணை என்றோ எண்ணிவிடுவர். உருவம் அத்தகையது. ஆனால் அரணையின் உடலிலே செதில் உண்டு. நியூட்டின் உடலிலே செதில் இல்லை. அதன் தோல் எப்போதும் ஈரமாயிருத்தல் வேண்டும், ஏனெனில் அத்தோலினாலும் அது சுவாசிக்கின்றது. அரணை வெயிலைத் தேடிச் செல்லும். நியூட்டோ வெயிலுக்கு அஞ்சிக் கல்லின் கீழும் மரக்கட்டையின் கீழும் ஒளியும். ஐரோப்பிய மக்கள் நெடுங்காலம் இதனை அருவருப்போடு நோக்கினர். ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்திலே சூனியக்காரிகள் கொதிக்கும் கொப்பரையில் இடுகின்ற பொருள்களுள் நியூட்டின் கண்ணும் ஒன்று. அந்தக் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியது பின்னர் வரும்.

மத்திய ஐரோப்பாவின் குளங்களிலே இரண்டு இனங்கள் பெரிதும் காணப்படும். ஒன்று சாதாரண நியூட்டு. விரல் நீளத்திற்குச் சற்று மேற்பட்டது, கபில நிறத்தது. மற்றொன்று கொண்டை நியூட்டு. 15 சென்ரிமீற்றர் வரை வளர்வது, கரிய முதுகும், கரும்புள்ளிகள் இட்ட செம்மஞ்சள் வயிறும் உடையது. பனிக்காலம் முழுவதும் இவை நிலத்தினுள்ளே, வேர்களின் இடுக்கிலும் கற்குவியலின் அடியிலும் அசைவற்றுக் கிடக்கும். பனி உருகி இரவுகள் சற்றே வெப்பமடையத் தொடங்கியதும், மழை பெய்யும் இரவொன்றில் எழுந்து குளத்தை நோக்கி நடக்கும். அவ்வேளையில் ஆணின் உருவம் மாறத் தொடங்கும். முதுகின் நெடுகிலும் வாள்பற்களைப் போல வெட்டுண்ட ஒரு கொண்டை எழும். வாலின் பக்கங்களில் வெள்ளிநிறக் கோடு தோன்றும். பெண்ணின் எதிரே நின்று வாலை விசிறிபோல் அசைத்து, தன் மணத்தை நீரோட்டத்தோடு அதன்பால் அனுப்பும். தவளைகளைப் போல ஆணும் பெண்ணும் பிணைந்து கிடப்பதில்லை. ஆண் குளத்தின் அடியில் வைத்துச் செல்லும் விந்துப் பொதியைப் பெண் தானே எடுத்துத் தன் உடலினுள் சேர்த்துக்கொள்ளும். ஆகவே முட்டை வெளிவரும்பொழுதே கருக்கொண்டு வெளிவருகின்றது.

முட்டையிடும் முறையும் தவளையினதைப் போன்றதன்று. தவளை நுரைபோலவும் திரள்போலவும் முட்டைகளை விட்டுச் செல்லும். பெண் நியூட்டோ ஒவ்வொரு முட்டையாக இடும். நீர்ச்செடியின் இலையொன்றைத் தெரிந்து, பின்னங்கால்களால் அதனை மடித்து, அம்மடிப்பினுள்ளே ஒரு முட்டையை வைக்கும். முட்டையைச் சூழ்ந்த பசை இலையை மூடி ஒட்டிவிடும். வெற்றிலை மடிப்பதைப் போன்ற இந்த வேலையை ஒரு பருவத்திலே இருநூறு முறைக்கு மேல், வாரக்கணக்காக அது செய்யும். இலையின் உள்ளே இருப்பது கடுகளவான ஓர் உருண்டை. சாதாரண நியூட்டின் முட்டை கபில நிறமுள்ளது. கொண்டை நியூட்டின் முட்டை ஏறக்குறைய வெண்மையானது. இந்த நிறவேற்றுமையை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுதல் நன்று. வரலாற்றின் திருப்பம் ஒன்று அதிலே தங்கியிருக்கின்றது.

முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்குக் கழுத்தின் இருபுறமும் இறகுபோன்ற பூக்கள் உண்டு. தவளையின் வாற்பேய்க்கு முதலிலே வெளிப்படுவன பின்னங்கால்கள். நியூட்டின் குஞ்சுக்கோ முன்னங்கால்கள். தவளை வாலை இழந்து வளரும். நியூட்டு வாலோடு வளரும். கோடை முடிவில் பூக்கள் சுருங்கி, நுரையீரல் வேலைசெய்யத் தொடங்கியதும் சிறு நியூட்டு கரையேறி, இனம் பெருக்கும் வயது வரும்வரை சில ஆண்டுகள் நிலத்திலே வாழும். கொண்டை நியூட்டின் முட்டைகளில் பாதி இந்நிலையை ஒருபோதும் அடைவதில்லை. அதன் முதலாவது நிறமூர்த்தம் இரண்டு வடிவங்களில் உள்ளது. ஒரே வடிவத்தை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்ற கரு, வால் அரும்பும் பருவத்திலேயே இறந்துவிடும். தாய் இருநூறு இலைகளை மடித்தால் நூறு இலைகள் வீண். இயற்கையின் சிக்கனத்தைப் புகழ்ந்து பேசுவோர் இவ்விடத்தில் சற்றுத் தயங்க வேண்டியதுதான்.

இவ்வுயிரின் பெருமையை உலகுக்கு முதலில் அறிவித்தவர் இத்தாலியராகிய லாசரோ ஸ்பலன்சானி. குருவாகவும் பேராசிரியராகவும் விளங்கிய அவர், 1768 ஆம் ஆண்டு வெளியிட்ட சிறு நூலொன்றிலே, வெட்டப்பட்ட வாலும் காலும் தாடையும் இவ்விலங்கிலே மீண்டும் முளைக்கின்றன என்று அறிவித்தார். வாலை இழந்த பல்லி மற்றொரு வாலை வளர்ப்பதைக் காணாதவர் யார்? ஆனால் பல்லியின் புதிய வாலிலே முள்ளந்தண்டெலும்பு இல்லை. அதன் இழந்த கால் திரும்ப முளைப்பதும் இல்லை. நியூட்டின் காலோ எலும்பும் தசையும் நரம்பும் விரல்களும் உடைய முழுக்காலாகவே திரும்புகின்றது. காயத்தின்மேல் தோல் விரைந்து மூடும். அதன் கீழே ஒரு மொட்டுத் தோன்றும். அம்மொட்டு எந்த இடத்தில் வெட்டு நிகழ்ந்ததோ அவ்விடத்திலிருந்து இல்லாதவற்றை மட்டும் உண்டாக்கும். முழங்கையில் வெட்டினால் முன்கை வளரும். மணிக்கட்டில் வெட்டினால் கை மட்டுமே வளரும்.

இனி அந்தக் கண். கண்ணினுள்ளே ஒளியைக் குவிக்கும் வில்லையை நியூட்டிலிருந்து முற்றாக அகற்றினால், புதிய வில்லையொன்று தோன்றுகின்றது. 1890களில் இத்தாலியர் கொலூச்சியும் பின்னர் ஜேர்மானியர் குஸ்தாவ் வொல்பும் இதனைக் கண்டனர். வியப்பு யாதெனின், முட்டையினுள்ளே வில்லை முதன்முதல் உருவாவது தோலிலிருந்து. இழந்தபின் அது உருவாவதோ கண்மணியைச் சூழ்ந்த நிறத்திரையின் மேல்விளிம்பிலிருந்து. அதாவது ஒரே உறுப்பை ஆக்குவதற்கு இரு வழிகளை அவ்வுடல் அறியும். யப்பானிய அறிஞர் கோரோ எகுச்சியும் அவரோடு உழைத்தோரும் 2011 இல் வெளியிட்ட ஆய்வொன்று இதனினும் வியக்கத்தக்கது. 16 ஆண்டுகளாக அதே நியூட்டுகளின் கண்ணிலிருந்து 18 முறை வில்லையை எடுத்தனர். 18 முறையும் அது வளர்ந்தது. இறுதி முறை அவ்விலங்குகளின் வயது 30க்குக் குறையாது. அம்முதுமையிலும் வளர்ந்த வில்லை, ஒருமுறையும் வில்லையை இழந்திராத இளம் நியூட்டின் வில்லையிலிருந்து அமைப்பில் வேறுபடவில்லை.

இழந்ததை மீண்டும் ஆக்கும் உடலைப் பற்றிச் சிந்தித்தோர், அவ்வுடல் முதன்முதலில் எவ்வாறு ஆகின்றது என்ற கேள்வியைத் தவிர்க்க இயலாது. கடுகளவு உருண்டை ஒன்று தலை, வால், முதுகு, வயிறு என எவ்வாறு பிரிகின்றது? எப்பகுதி யாதாக வேண்டும் என்பது முட்டையிலேயே பங்கிடப்பட்டு விட்டதா, அன்றி வளரும்போது ஒரு பகுதி மற்றொரு பகுதியின் ஏவலைக் கேட்கின்றதா? 1888 இல் வில்கெல்ம் ரூ, இரண்டாகப் பிரிந்த தவளை முட்டையின் ஒரு பாதியைச் சுட்ட ஊசியாற் கொன்றபோது மற்றப் பாதி அரைக்கருவாக வளர்ந்தது. எல்லாம் முன்னரே பங்கிடப்பட்டதென அவர் கொண்டார். 1891 இல் ஹான்ஸ் டிரீஷ் கடல்முள்ளியின் இரு கலங்களைப் பிரித்தபோதோ, ஒவ்வொன்றும் முழு உயிராக வளர்ந்தது. இரண்டு பரிசோதனை, இரண்டு விடை. அறிவுலகம் இரண்டு கட்சியாயிற்று.

இவ்வழக்கை நியூட்டின் முட்டையிடம் கொண்டு சென்றவர் ஹான்ஸ் ஸ்பேமான். 1869 இல் ஸ்டுட்கார்ட் நகரிலே பிறந்தவர். காசநோயினால் ஓய்வுகொள்ள நேர்ந்த ஒரு பனிக்காலத்தில், பரம்பரையைப் பற்றி வைஸ்மான் எழுதிய நூலைப் படித்தே இத்துறைக்கு ஈர்க்கப்பட்டார். 1897 ஆம் ஆண்டளவில் தொடங்கிய அவருடைய பரிசோதனைகளுக்கு வேண்டிய கருவி மிக எளியது. கைக்குழந்தையின் மென்மையான தலைமயிர் ஒன்று, அவ்வளவுதான். அதனைச் சுருக்காக்கி நியூட்டு முட்டையின் நடுவே இட்டு மெல்ல இறுக்கினார். பாதி இறுக்கிய முட்டையிலிருந்து இரண்டு தலையும் ஓருடலும் உள்ள குஞ்சு வெளிவந்தது. முழுவதும் இறுக்கிப் பிரித்த முட்டைகளில் சில, இரண்டு முழுக்குஞ்சுகளைத் தந்தன. வேறு சிலவற்றில் ஒரு பாதி முழுக்குஞ்சாயிற்று. மறுபாதி தலையும் முதுகும் இன்றி, வெறும் வயிற்றுத் துண்டாகவே நின்றுவிட்டது. சுருக்கு எத்திசையில் விழுந்தது என்பதே இவ்வேற்றுமைக்குக் காரணம். ஆகவே முட்டையின் எல்லாப் பகுதியும் சமமானதல்ல. முழு உடலை ஆக்கும் வல்லமைக்கு இன்றியமையாத ஏதோ ஒன்று, ஒரு பக்கத்திலே தங்கியிருக்கின்றது.

அந்தப் பக்கம் எது? கரு உருண்டையாக இருக்கும் நாளில் அதன் மேற்பரப்பிலே ஓரிடத்தில் சிறு குழி தோன்றும். வெளியே உள்ள கலங்கள் அக்குழியின் விளிம்பிலே மடிந்து உள்ளே செல்லும். பையொன்றின் வாயைப் போன்ற அக்குழியின் மேலுதட்டிலேதான் அந்த வல்லமை இருக்கின்றதென ஸ்பேமான் ஐயுற்றார். கருவின் பிற பகுதிகளை இடம்மாற்றி நட்டால், அவை புதிய இடத்துக்கு இசைந்து வளர்ந்தன. மூளையாக வேண்டியது வயிற்றுத்தோலாகவும், வயிற்றுத்தோலாக வேண்டியது மூளையாகவும் மாறின. மேலுதடு மட்டும் இணங்கவில்லை. அது நடப்பட்ட இடத்திலே இரண்டாவது முதுகின் அறிகுறி தோன்றியது. ஆனால் அந்த இரண்டாவது முதுகு நடப்பட்ட துண்டிலிருந்து வளர்ந்ததா, அன்றித் துண்டின் ஏவலால் விருந்தளித்த கருவின் கலங்களே அவ்வாறு ஆயினவா? ஒரே இனத்து முட்டைகளைக் கொண்டு இதனை அறிய வழியில்லை. கலந்தபின் எது யாருடையது என எவர் சொல்லக் கூடும்?

வெண்முட்டையும் கபிலமுட்டையும் இங்கேதான் உதவின. கொண்டை நியூட்டின் வெண்மையான கருவிலிருந்து துண்டை எடுத்து, சாதாரண நியூட்டின் கபிலக் கருவிலே நட்டால், நிறமே சாட்சி சொல்லும். இந்த வேலை 1921 ஆம் ஆண்டு, பிரைபூர்க் பல்கலைக் கழகத்தில், ஹில்டே புரோஷோல்ட் என்ற 22 வயது மாணவியிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஹில்டே 1898 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 20 ஆம் நாள், துரிஞ்சியா நாட்டிலே கோத்தா நகரிற் பிறந்தவர். பிராங்பேட்டில் கற்கும்போது ஸ்பேமானின் சொற்பொழிவைக் கேட்டு, அவருடைய மாணவியாவதற்காகவே 1920 இல் பிரைபூர்க் வந்து சேர்ந்தார். அவருக்கு முதலில் தரப்பட்ட பணி நியூட்டைப் பற்றியதன்று. நன்னீரில் வாழும் ஐதரா என்ற சிற்றுயிரின் உள்ளும் புறமும் திரும்பும்படி அதனைப் புரட்டிப் பார்க்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆபிரகாம் திராம்பிளே செய்த அப்பரிசோதனையைத் திரும்பச் செய்யுமாறு ஸ்பேமான் பணித்தார். எவ்வளவோ முயன்றும் கைகூடவில்லை. சோர்ந்த மாணவி வேறு பொருள் கேட்டபோதே நியூட்டு அவர் கைக்கு வந்தது. ஐதரா அன்று இணங்கியிருந்தால், இவ்வரலாற்றிலே வேறொருவர் பெயர் இடம்பெற்றிருக்கும்.

நியூட்டின் வாழ்க்கைமுறையே ஆய்வாளரின் நாட்காட்டியை வகுத்தது. இலைமடிப்புகளில் முட்டை கிடைப்பது வசந்தத்தில் மட்டுமே. ஆண்டிற்குச் சில வாரங்கள். அதனைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு முட்டையையும் சூழ்ந்த பசையுறைகளை நுண்ணிய இடுக்கியால் நீக்க வேண்டும். பின்னர் மெழுகிலே தோண்டிய சிறு பள்ளத்தில் கருவை இருத்தி, தீயில் இழுத்துக் கூராக்கிய கண்ணாடி ஊசியாலும் தலைமயிர்ச் சுருக்காலும் ஒரு துண்டை வெட்டி எடுத்து, மற்றக் கருவிலே செய்த துளையிற் பதித்து, சிறு கண்ணாடித் துண்டால் அழுத்திப் பிடிக்க வேண்டும். கை நடுங்கினால் கரு உடையும். உடையாது தப்பியவையும் பல நாள் வாழ்வதில்லை. கிருமி புகுந்து அவை சிதைந்தன. கிருமிகொல்லி மருந்துகள் தோன்றாத காலம் அது. காயம்பட்ட கருவைக் காக்கும் உப்புக் கரைசலைப் பின்னர் ஆக்கியவர், அதே ஆய்வுகூடத்தில் ஹில்டேயின் உடன்மாணவராயிருந்த ஹோல்ட்பிரேட்டர்; அது வந்தது பத்தாண்டு கழித்தே. 1921, 1922 ஆகிய இரண்டு வசந்தங்களில் ஹில்டே செய்த பெருந்தொகையான நடுகைகளில், விரிவாக விவரிக்கத் தக்க நிலையை எட்டியவை விரல்விட்டு எண்ணக்கூடியவையே.

அவை போதுமாயின. கபிலக் கருவின் விலாப்புறத்திலே, எந்த நியூட்டுக்கும் முதுகு தோன்றாத இடத்தில், இரண்டாவது முதுகு எழுந்தது. கருக்களை மெல்லிய சீவல்களாகச் சீவி நுணுக்குக்காட்டியின் கீழ் நோக்கியபோது நிறம் சாட்சி கூறியது. உள்ளே முதுகுத்தண்டின் அச்சாக அமைந்தது பெரும்பாலும் வெண்கலங்கள். அவை நடப்பட்ட துண்டின் கலங்கள். ஆனால் அதன்மேல் அமைந்த நரம்புக்குழாயோ பெரும்பாலும் கபில நிறக் கலங்களால் ஆனது. வயிற்றுத்தோலாக வேண்டியிருந்த அயற்கருவின் கலங்கள், வெண்துண்டின் ஏவலைக் கேட்டு மூளையும் முதுகுநரம்பும் ஆயின. 132 என்ற இலக்கமிட்ட கருவிலே இரண்டாவது உடல் மிகத் தெளிவாக வளர்ந்திருந்தது. அதிலே காதுகளின் தொடக்கக் குமிழ்கள் கூடத் தோன்றியிருந்தன. தன் உடலை மட்டுமன்றி அயலாரையும் ஒழுங்கில் நிறுத்தும் அந்தச் சிறு துண்டுக்கு ஒழுங்கமைப்பி எனப் பொருள்படும் பெயர் வழங்கப்பட்டது. ரூவும் டிரீஷும் தொடங்கிய வழக்கிலே நியூட்டு உரைத்த தீர்ப்பு, கலத்தின் கதி அதன் அயலைப் பொறுத்ததும் ஆகும் என்பதே.

ஆய்வுக்கு நடுவே, 1921 இல், ஸ்பேமானின் உதவியாளராகிய ஒட்டோ மங்கோல்டை ஹில்டே மணந்தார். 1923 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவ்வாண்டின் இறுதியில் ஆண்குழந்தை ஒன்று பிறந்தது. கணவருக்குப் பேர்லினில் பதவி கிடைக்கவே, 1924 வசந்தத்தில் குடும்பம் அங்குச் சென்றது.

ஆய்வுக்கட்டுரையை வெளியிடும் நேரத்திலே ஒரு மனத்தாங்கல் எழுந்தது. கலாநிதிப் பட்ட ஆய்வாயினும், தம் பெயரும் அதில் இடம்பெற வேண்டும், அதுவும் முதலில் இடம்பெற வேண்டும் என்று ஸ்பேமான் கூறினார். மற்ற மாணவரின் ஆய்வேடுகள் அவரவர் பெயரிலேயே வெளிவந்தன. ஹில்டே இதனால் வருந்தினார் என்பதை உடன்மாணவராகிய விக்டர் ஹாம்பர்கர் பின்னாளில் எழுதி வைத்துள்ளார். நடுநின்று நோக்கின், ஸ்பேமானின் உரிமை அற்பமானதன்று. கேள்வி அவருடையது, கருவிகள் அவர் ஆக்கியவை, இருபதாண்டு உழைப்பு அதன் பின்னே நின்றது. ஆயினும் இரண்டு வசந்தங்கள் அந்தக் கண்ணாடி ஊசியைப் பிடித்திருந்த கை அவருடையதன்று. மற்ற மாணவர்க்கு அளித்ததை இம்மாணவிக்கு மட்டும் அளிக்காதது ஏன் என்ற கேள்வியும் தீரவில்லை.

1924 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் பேர்லின் வீட்டிலே, குழந்தைக்குப் பால் காய்ச்ச மூட்டிய அடுப்பு வெடித்தது. உடலெங்கும் தீப்பட்ட ஹில்டே, அம்மாதம் 4 ஆம் நாள் இறந்தார். வயது 25. கட்டுரை அவ்வாண்டிலேதான் வெளிவந்தது. அதனைப் படித்து உலகின் ஆய்வுகூடங்கள் வியந்ததையோ, நியூட்டு முட்டைகளைத் தேடி மாணவர் குளங்களுக்கு விரைந்ததையோ அவர் காணவில்லை. தாயின்றி வளர்ந்த மைந்தனும் இரண்டாம் உலகப் போரிலே மாண்டான்.

1935 இல் ஒழுங்கமைப்பியின் செயலைக் கண்டறிந்தமைக்காக ஸ்பேமானுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. இறந்தோருக்கு அப்பரிசு அளிக்கப்படுவதில்லை.

அத்துண்டு அயற்கலங்களுக்கு அனுப்பும் செய்தி யாது? அதனைத் தேடிய வேட்டை நெடியது, பெரும்பகுதி ஏமாற்றமானது. 1932 இல், கொல்லப்பட்ட ஒழுங்கமைப்பியும் ஏவல் செய்கின்றதெனக் கண்டனர். எனவே அது ஓர் இரசாயனப் பொருளாக இருத்தல் வேண்டும் என்ற நம்பிக்கை எழுந்தது. ஆனால் விரைவிலே, பிற விலங்குகளின் ஈரல் முதலிய உறுப்புகளும் அதே ஏவலைச் செய்தன. கேம்பிறிஜில் ஆராய்ந்தோர் மெதிலீன் நீலம் என்ற சாயம் கூட அவ்வாறு செய்யக் கண்டனர். எதை வைத்தாலும் மூளையாக முளைக்கத் தயாராயிருந்தது நியூட்டின் தோல். ஹில்டேயின் வெற்றிக்குத் துணைநின்ற நியூட்டே, அடுத்த தலைமுறையை வழிதவறச் செய்தது. சலித்த ஆய்வாளர் பலர் அத்துறையையே கைவிட்டனர்.

விடை வந்தது 1990களில். அதுவும் ஆபிரிக்கத் தவளை ஒன்றின் முட்டையிலிருந்து. 1992 இல் நொகின் என்ற புரதமும், 1994 இல் கோடின் என்ற புரதமும் ஒழுங்கமைப்பியிலே தோன்றுவதாகக் கண்டறியப்பட்டன. அவை செய்வது எதிர்பாராதது. மூளையாக மாறு என்று அவை கட்டளை இடுவதில்லை. தோலாகும்படி அயற்கலங்களை இடைவிடாது தூண்டிக்கொண்டிருக்கும் வேறொரு புரதத்தை அவை தடுத்து நிறுத்துகின்றன. அத்தூண்டுதல் நின்றால் கலங்கள் தாமாகவே நரம்பின் வழியைப் பற்றுகின்றன. நியூட்டின் தோல் எதற்கும் இணங்கியதன் பொருள் அப்போதுதான் விளங்கலாயிற்று. இன்று பாடநூல்கள் அத்துண்டை ஸ்பேமான்–மங்கோல்ட் ஒழுங்கமைப்பி என்று குறிப்பிடுகின்றன.

முட்டை தந்த நியூட்டின் நிலை இப்போது முன்போல் இல்லை. வயல்களின் நடுவே இருந்த சிறு குளங்கள் தூர்க்கப்பட்டன. குளத்தையும் காட்டையும் தெருக்கள் பிரித்தன. ஆசியாவிலிருந்து வளர்ப்பு விலங்கு வணிகத்தோடு வந்ததெனக் கருதப்படும் பூஞ்சணம் ஒன்று, 2013 இல் அடையாளங் காணப்பட்டது. நெதர்லாந்திலே சலமந்தர்களை ஏறக்குறைய அழித்துவிட்ட அது, நியூட்டின் தோலையும் தின்னும். காலையும் கண்ணையும் மீள ஆக்கும் உடலுக்கு இந்நோயைத் தடுக்கத் தெரியவில்லை. பிரித்தானியா 1981 இல் இயற்றிய சட்டத்தால் கொண்டை நியூட்டைப் பாதுகாத்தது. ஐரோப்பிய நாடுகள் 1992 இல் பொதுவிதி ஒன்றிலே அதனைச் சேர்த்தன. வளர்ந்த விலங்குக்கு மட்டுமன்றி முட்டைக்கும் அப்பாதுகாப்பு உண்டு. பிரைபூர்க்கின் மாணவர் ஒருவர் அயற்குளத்துக்குச் சென்று, மடித்த இலையொன்றைப் பிரித்துக் கொண்டை நியூட்டின் வெண்முட்டையை எடுத்து ஹில்டேயின் பரிசோதனையைத் திரும்பச் செய்ய விரும்பினால், இன்று அவர் முதலில் அரசாங்கத்திடம் அனுமதி பெற்றுக்கொள்ள வேண்டும்.